ராணோ எத்தனை நிமிடம்?

“எத்தனை நிமிஷம் வரும் சார்?” ஒலிப்பதிவுக்காரனிடம் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். என்ன மொழி, யார் பாடுகிறார், எதைப் பற்றிய பாட்டு என்பதெல்லாம் அப்புறம். விளம்பரம் என்றால் முப்பது விநாடி. சினிமாப் பாட்டு என்றால் நாலரை நிமிடம். கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் உதவியாளனாக இருந்து தொழில் கற்றவன் நான். அந்தக் கணக்கு எனக்குக் கைப்பழக்கமாகவே வந்துவிட்டது. பிறகு ஆவணப்படங்களுக்கு ஒலி எடுக்கப் போனேன். அதன் வழியாக ராஜஸ்தானின் மேற்கு ஓரத்தில், ஜெய்சல்மேர், பார்மேர் பக்கத்துக் கிராமங்களில், சிந்தி மொழியில் பாடப்படும் ‘ராணோ’ பாட்டுகளைப் பதிவு செய்யும் வேலை வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டுக்கு நிமிடக் கணக்கு கேட்கக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் கதை. மூமல் லோத்ருவாவின் இளவரசி. காக் என்னும் ஆற்றங்கரையில் அவளுடைய மாளிகை. மாயப் பொறிகள் நிறைந்த இடம் அது. அவளைத் தேடிவந்த அரசகுமாரர்கள் பலர் பொருளையும் உயிரையும் அங்கே தொலைத்தார்கள். உமர்கோட்டைச் சேர்ந்த சோடா ராஜபுத்திரன் ராணோ மேந்த்ரோ மட்டும் பொறிகளைக் கடந்து அவளை அடைந்தான். அதன் பிறகு ஒவ்வோர் இரவும் உமர்கோட்டிலிருந்து ஒட்டகத்தில் வருவான், விடிவதற்குள் திரும்பிவிடுவான். ஓர் இரவு அவன் வர நேரமாகிறது. காத்திருந்து சோர்ந்த மூமல், தன் சகோதரி சூமலுக்கு ஆண் உடை போட்டுப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறாள். தாமதமாக வந்த ராணோ, கட்டிலில் யாரோ ஓர் ஆண் கிடப்பதாக நினைக்கிறான். எழுப்பவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையிலிருந்த பிரம்பைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போய்விடுகிறான். விழித்தெழுந்த மூமல் அந்தப் பிரம்பைப் பார்க்கிறாள். பாட்டு அங்கேதான் தொடங்குகிறது.

கதைக்கு ஒரு முடிவும் உண்டு. மூமல் ஆண் வேடமிட்டு உமர்கோட்டுக்குப் போகிறாள், அவனோடு சொக்கட்டான் ஆடுகிறாள், அடையாளம் தெரிந்த பிறகும் அவன் மனம் இளகவில்லை, அவள் தீ மூட்டி இறங்குகிறாள், செய்தி கேட்டு ஓடிவந்த அவனும் அதே தீயில் இறங்குகிறான். ஊருக்கு ஊர் சிறு மாற்றங்களோடு இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நான் பதிவு செய்த எந்த ராணோ பாட்டிலும் அந்தத் தீ வந்ததில்லை. விளக்கு எரிகிறது, எண்ணெய் தீர்கிறது, வாசலில் ஒட்டகத்தின் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது போகிறது, “வா” என்று அழைப்பு நீள்கிறது. அவ்வளவுதான். கதை தெரிந்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில், முடிவைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். அவன் வரக்கூடும் என்ற இடத்திலேயே பாட்டு நின்றுவிடுகிறது.

சிந்தியின் பெருங்கவி ஷா அப்துல் லத்தீஃப் பிட்டாய் (1689–1752) செய்ததும் இதுதான். அவருடைய பாடல்களின் தொகுப்பான ‘ஷா ஜோ ரிசாலோ’ சுர் என்ற பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றில் ஒன்று மூமல் ராணோவுக்கு. அதில் அவர் கதையை முதலிலிருந்து சொல்வதே இல்லை. நெருக்கடியின் நடுவில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். சசுயி, மாருயி, சோஹ்ணி என்று அவர் பாடிய மற்றப் பெண்களுக்கும் அப்படியே. பிட் ஷாவில் உள்ள அவருடைய சமாதியில் கறுப்பு உடையணிந்த ஃபக்கீர்கள் தம்பூரோவை மீட்டிக்கொண்டு இன்றும் இரவில் அந்தப் பாடல்களைப் பாடுகிறார்கள். ஒருவர் தணிந்த குரலில் எடுக்க, மற்றவர் ஆண் குரலின் எல்லைக்கு மேலே, பெண் குரல் போன்ற ஓர் உச்சத்தில் வாங்கிக்கொள்கிறார். கதாநாயகியின் வாய்மொழி என்பதால் அந்தக் குரல் என்பார்கள். முதன்முதல் பதிவுகளில் கேட்கும்போது டேப் வேகம் தவறியிருக்கிறது என்றே பலரும் நினைப்பார்கள். தவறவில்லை. அதுதான் பாணி.

நம் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. காத்திருத்தல் என்றால் முல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் சுற்றியிருக்கும் நிலம் பாலை. நம்மிடம் பெரும்பாலும் ஊடுபவள் பெண். இங்கே ஊடிக் கிளம்பிப்போனவன் ஆண். தப்பு செய்யாதவள், தப்பாக நினைத்தவனை அழைக்கிறாள். இந்தச் சிக்கல்தான் பாட்டின் குரலைத் தீர்மானிக்கிறது. கெஞ்சலும் இருக்கும், கூடவே ஒரு நிமிர்வும் இருக்கும். வெறும் சோகமாகப் பாடுகிறவர்களை அங்கே மூத்த பாடகர்கள் மதிப்பதில்லை.

கதை நடந்த இடங்களுக்கு வருகிறேன். லோத்ருவா, ஜெய்சல்மேர் நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. 1156-இல் ராவல் ஜெய்சல் புதிய கோட்டை கட்டுவதற்கு முன் பாட்டி குலத்து அரசர்களின் தலைநகர் அதுதான். மூமலின் மாளிகை என்று ஒரு கற்குவியலைக் காட்டுவார்கள். உமர்கோட் இன்று பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருக்கிறது. 1542-இல் அக்பர் பிறந்த ஊர். இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தாலே சுமார் 200 கிலோமீட்டர் வரும். ஓர் இரவில் போய் வருவதற்கு ஒட்டகத்தால் முடியாது. கதைக்குள் ஓடும் ஒட்டகத்தால் மட்டுமே முடியும். 1947-க்குப் பிறகு அந்த 200 கிலோமீட்டருக்கு நடுவில் எல்லைக்கோடு விழுந்துவிட்டது. மூமல் இந்தியாவில், ராணோ பாகிஸ்தானில்.

இதை ஓர் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. உமர்கோட்டின் சோடா ராஜபுத்திரர்கள் தங்கள் குலத்துக்குள் மணம் செய்வதில்லை. அந்தப் பக்கம் வேறு ராஜபுத்திரக் குலங்கள் குறைவு. அதனால் தலைமுறை தலைமுறையாகப் பெண் எடுப்பதும் கொடுப்பதும் ராஜஸ்தானில்தான். 1965 போரில், எல்லையைக் கடக்கும் முனாபாவ்–கோக்ராபார் ரயில் பாதை அறுந்தது. 1971 போரின்போது சிந்துவின் தார்பார்க்கர் பகுதியிலிருந்து ஏராளமானவர்கள் பார்மேர் பக்கம் வந்து தங்கிவிட்டார்கள். 2006 பிப்ரவரியில் தார் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது அந்தப் பாதை நாற்பதாண்டுக்கு மேல் மூடிக் கிடந்திருந்தது. வாரம் ஒரு ரயில். அதில் மணப்பெண்கள் போனார்கள், பேரக்குழந்தையைப் பார்க்கப் பாட்டிகள் வந்தார்கள். 2019 ஆகஸ்டில் அதுவும் நின்றது. சோடா குடும்பங்களுக்குப் பரம்பரையாகப் பாடும் மாங்கணியார் குடும்பங்களும் இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கின்றன. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. ஆகவே அவர்கள் ராணோவை எடுக்கும்போது, கேட்பவர் மனதில் மூமல் மட்டும் இருப்பதில்லை.

மாங்கணியார்களும், அவர்களைப் போலவே பரம்பரைப் பாடகர்களான லாங்காக்களும் முஸ்லிம்கள். மாங்கணியார்களின் புரவலர்கள் பெரும்பாலும் ராஜபுத்திரர்கள். லாங்காக்களுக்குச் சிந்தி சிபாய் முஸ்லிம்கள். அந்த வீடுகளில் குழந்தை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் இவர்கள்தான் பாட வேண்டும். இவர்களை வெளியுலகம் கேட்கவைத்ததில் நாட்டாரியல் ஆய்வாளர் கோமல் கோட்டாரிக்குப் பெரும்பங்கு. எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவோடு சேர்ந்து 1960-இல் போருந்தா கிராமத்தில் அவர் தொடங்கிய ரூபாயன் சன்ஸ்தான், மணிக்கணக்கான பதிவுகளைச் சேர்த்துவைத்திருக்கிறது. எங்கள் தொழிலில் அந்தப் பக்கம் போகிற எவரும் அங்கே ஒரு தடவையாவது உட்கார்ந்து பழைய டேப்புகளைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கிராமத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் புரியும்.

இனி வேலை. ராணோ நள்ளிரவுக்குப் பிறகு பாடுவது. பகலில் கேட்டால் பாட மாட்டார்களா என்றால், பாடுவார்கள். படப்பிடிப்புக்கு வந்தவர்களுக்காக எதையும் எப்போதும் பாடிக் கொடுக்கிற பெருந்தன்மை அவர்களுக்கு உண்டு. ஆனால் அது ராணோவின் எலும்புக்கூடு. இயக்குநர்கள் மாலை வெளிச்சத்துக்காகக் காத்திருந்து மணல்மேட்டில் பாடகர்களை வரிசையாக உட்காரவைப்பார்கள். எனக்கு அந்த ஏற்பாடு ஒத்துவராது. மணல்மேட்டில் காற்று நிற்பதில்லை. மைக்குக்கு ரோம உறை போட்டாலும் அடிக்குரலில் காற்று உறுமிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், வரிசையாக உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. இவர்கள் கண்ணைப் பார்த்துத் தாளம் மாற்றுகிறவர்கள்.

இரவிலும் தொல்லை இல்லாமல் இல்லை. பாலைவனத்தில் மாலைக்குப் பிறகு தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். மேலே காற்று இன்னும் சூடாக இருக்கும். அப்போது ஒலி மேலே போய்த் தொலையாமல் வளைந்து தரைக்கே திரும்பும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓடும் டீசல் பம்ப் பதிவில் பக்கத்து வீட்டில் ஓடுவதுபோலக் கேட்கும். காதால் கேட்டால் தெரியாது, மூளை அதைக் கழித்துவிடும். மைக் கழிக்காது. அதனால் நான் மாலையிலேயே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிவருவேன். எங்கே பம்ப், எங்கே நாய்கள், எந்த வீட்டில் கல்யாண ஜெனரேட்டர். பம்புக்காரரிடம் நேரில் போய் டீ குடித்துவிட்டு, “இன்று ராத்திரி மட்டும் நிறுத்திவைக்க முடியுமா?” என்று கேட்டால் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். அவர்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

குளிர் கருவிகளையும் விடாது. கமாய்ச்சா, ஒரே மாமரக் கட்டையைக் குடைந்து, வட்டமான வயிற்றின் மேல் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய வில்வாத்தியம். முக்கியத் தந்திகள் மூன்றும் ஆட்டு நரம்பு; கீழே ஒத்தொலிக்கும் எஃகுத் தந்திகள். தோல் ஒரு பக்கம் மாறும், நரம்பு ஒரு பக்கம் மாறும், எஃகு இன்னொரு பக்கம். பாட்டுக்கு நடுவிலேயே கலைஞர் பிருடையைத் திருகிக்கொண்டிருப்பார். டோலக்கைத் தணலருகே காட்டிச் சூடேற்றுவார்கள். சுருதியைக் கமாய்ச்சாதான் வைக்கிறது. ஹார்மோனியம் இருந்தால் மட்டுமே அது கட்டைக்கு வந்து நிற்கும். நான் வேலை செய்யும்போது ஹார்மோனியம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். ஹாமிரா கிராமத்துச் சாக்கர் கான் (1938–2013) வில்லை இழுத்தால் அது இன்னொரு பாடகர் மூச்சு விடுவதுபோல இருக்கும். 2012-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய பதிவுகளைக் கேட்டவர்களுக்கு நான் ஏன் ஹார்மோனியத்தை ஒதுக்குகிறேன் என்று விளங்கும்.

மைக் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆளுக்கொரு மைக் வைத்தால் பின்னால் கலவை செய்யச் சௌகரியம் என்று எல்லோரும் சொல்வார்கள். சௌகரியம்தான். ஆனால் மாங்கணியார் பாடகர் பாடும்போது சும்மா உட்கார்ந்திருக்கமாட்டார். உச்சத்தில் கையை வானத்துக்கு வீசுவார், தலையைப் பக்கவாட்டில் திருப்புவார், அழைப்பின்போது உடம்பே முன்னால் சாயும். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் இருந்தால் குரல் ஏறி இறங்கி அலைபாயும். மைக்குக்காக அவர் அசையாமல் இருக்கப் பழகிவிட்டால் பாட்டு போய்விடும். நான் பாடுபவர்கள் உட்காரும் வட்டத்தின் ஓர் ஓரத்தில், உட்கார்ந்தவரின் தலைக்குச் சற்று மேலே, ஒரே ஒரு ஸ்டீரியோ ஜோடி மட்டும் வைப்பேன். பாடகரிடமிருந்து ஆறேழு அடி. மற்றதெல்லாம் ஆட்களை நகர்த்திச் செய்வது. கர்தால் என்ற மரச்சப்ளாக்கட்டை ஊசிபோலக் குத்தும், அதனால் அதை வாசிப்பவர் பின்னால். டோலக் பக்கவாட்டில். கமாய்ச்சா நேர் எதிரே. இந்த அமைப்புக்கு அரை மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு எதையும் திருத்த முடியாது, அதுதான் அதன் சிறப்பு.

லெவல் வைப்பது தனிக் கலை. பாட்டு சன்னமாகத் தொடங்கும். அதற்கேற்ப லெவலைத் தூக்கிவைத்தால் பத்தாவது நிமிடத்தில் ராணோவை விளித்து ‘ராணா’ என்று தொண்டையைத் திறக்கும்போது எல்லாம் சிதறிவிடும். எங்கள் பூம் பையன் புதிதாக வந்த காலத்தில், “அண்ணே, ஊசி அசையவே இல்லையே, கொஞ்சம் ஏத்தவா?” என்பான். “ஏத்தாதே தம்பி, அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல” என்பேன். அந்த உச்சத்துக்காக இடம் விட்டு வைத்துக்கொண்டு, அதுவரை கொஞ்சம் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டின் கட்டமைப்பைச் சொன்னால்தான் நிமிடக் கணக்கு ஏன் உதவாது என்பது புரியும். முதலில் புரவலரைப் புகழ்ந்து சில வரிகள். பிறகு தோஹீரோ என்கிற ஈரடிகள். தாளம் இல்லாமல் விருத்தம் மாதிரிப் பாடுவது. பாடகருக்கு எத்தனை தோஹீரோ தெரியுமோ, அன்றைக்கு எத்தனை நினைவுக்கு வருமோ, எதிரே இருப்பவர் எதற்குத் தலையாட்டுகிறாரோ, அதைப் பொறுத்து இது நீளும். அதற்கப்புறம்தான் டோலக் நுழையும், பல்லவி வரும். பல்லவி நாலைந்து தடவை சுற்றியதும் தாளத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஒரு தோஹீரோ. மறுபடி பல்லவி. ஒவ்வொரு சுற்றிலும் அழைப்பு கொஞ்சம் வேறு மாதிரி வரும். சபையில் ஒருவர் ‘வாஹ்’ என்றால் அதே அழைப்பைத் திருப்பி எடுப்பார். பல்லவி எதிர்பார்க்கிற இடத்தில் வராது. வரப்போகிறது என்று காட்டிவிட்டுத் தள்ளிப்போவார். காத்திருப்பதைப் பற்றிய பாட்டு கேட்பவரையும் காக்க வைக்கிறது. அந்தத் தள்ளிப்போடலை வெட்டினால் மிஞ்சுவது வரிகளும் மெட்டும்தான்.

டேப் காலத்தில் இதுவே பெரிய தலைவலி. நாக்ரா என்ற டேப் பதிவுக்கருவி மாதிரி உறுதியான கருவி இன்றுவரை வந்ததில்லை என்று சொல்வேன். பன்னிரண்டு பெரிய டார்ச் பேட்டரிகளைப் போட்டால் எந்தப் பாலைவனத்திலும் ஓடும். ஆனால் அதன் மூடியை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டுமென்றால் ஐந்து அங்குல ரீல்தான் கொள்ளும். ஏழு அங்குலம் போட்டால் மூடி திறந்தே இருக்கும், மணல் உள்ளே போகும். ஐந்து அங்குல ரீல், விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில், சுமார் பதினாறு நிமிடம். ராணோவின் தோஹீரோக்களே அதை விழுங்கிவிடும். அதனால் இரண்டு நாக்ராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று முடியும் முன் அடுத்ததை ஓடவிடுவது வழக்கம். ஒரு முதிய கமாய்ச்சாக் கலைஞர் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, பாட்டை நிறுத்தாமலே கண்ணால் சிரிப்பார். பின்னாளில் இரண்டு மணி நேரம் ஓடும் டாட் கேசட் வந்தது, பிறகு வன்தட்டுப் பதிவுக்கருவி. நேரத் தட்டுப்பாடு தீர்ந்தது. விந்தை என்னவென்றால், டேப் பதினாறு நிமிடம் ஓடிய காலத்தில் வெளிவந்த ராணோக்கள் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருந்தன. எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்ற காலத்தில் மூன்றரை நிமிடமாகிவிட்டன.

இங்கே ஒரு மனத்தாங்கல். நான் பதிவு செய்த ஒரு ராணோவை ஒரு நிறுவனம் வாங்கியது. ஏறக்குறைய நாற்பது நிமிடப் பதிவு. அவர்கள் தோஹீரோக்களை முழுக்க வெட்டினார்கள். கமாய்ச்சாவின் சுருதி எந்தக் கட்டையிலும் சேராததால் மொத்தத்தையும் அரைச் சுரம்போல மேலே தூக்கி, கீபோர்டுக்குப் பொருத்தினார்கள். ‘ராணா’ என்று முடியுமிடத்தில் குரல் எங்கும் உட்காராமல் மேலே தொங்கிக்கொண்டு நிற்கும். அதை மென்பொருள் பிடித்து இழுத்து அருகிலிருந்த சுரத்தில் உட்கார வைத்துவிட்டது. கீழே ஒரு நடன அடி. பாடகருக்கு அதில் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. என்னிடம் கையெழுத்து வாங்கிய தாளில் அவர் பெயரே இல்லை. இது நடந்த பிறகு, பாடுபவரின் பெயர் இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

புதுமை வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிட் ஷாவின் ஃபக்கீர் மரபில் ஊறிய அல்லன் ஃபக்கீர், எண்பதுகளில் பாப் பாடகர் முகம்மது அலி ஷேகியோடு சேர்ந்து பாடிய பாட்டு பாகிஸ்தான் முழுவதும் ஓடியது. அதில் அல்லன் ஃபக்கீர் அப்படியே அல்லன் ஃபக்கீராகத்தான் இருக்கிறார். பாப் இசை அவருக்குப் பின்னால் ஓடிவருகிறது. ராணோ வகையில் மிகப் பிரபலமான ‘மோர் தோ டிலே ராணா’ இப்போது கல்யாண மேடைகளில் ஆடுகிற பாட்டாகவும் இருக்கிறது. மயிலைப் பற்றிய பாட்டுக்கு ஆடினால் என்ன தப்பு? சிந்தி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியில் தெரிந்த ஒரே பாட்டு அதுவாகவும் இருக்கலாம். பிரிவினையில் நிலத்தை இழந்து வந்த ஒரு சமூகத்துக்கு அது சிறிய காரியமில்லை. ஆட்டம் ஆடட்டும். நீளமான ராணோவும் எங்காவது முழுதாக இருக்கட்டும் என்பதுதான் என் வழக்கு.

எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பாடகர்களிடம் “இந்தத் தோஹீரோ யாரிடம் கற்றீர்கள்?” என்று கேட்டால் முதலில் தகப்பனார் பெயரைச் சொல்வார்கள், அடுத்து ரேடியோ என்பார்கள். பாகிஸ்தான் வானொலியின் ஹைதராபாத் நிலையம் பார்மேர், ஜெய்சல்மேர் கிராமங்களில் நன்றாகவே கேட்டது. தார்பார்க்கரின் மாயி பாகியை (மறைவு 1986) இந்தப் பக்கம் நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஆனால் அவருடைய ‘காரி நீம் கே நீச்சே’ எல்லோருக்கும் மனப்பாடம். தொலைக்காட்சி வந்து வானொலி ஓய்ந்தபின் கேசட்டுகள் தார் எக்ஸ்பிரஸில் போய்வந்தன. ரயில் நின்ற பிறகு கைப்பேசி. அந்தப் பக்கத்து மைத்துனர் வாட்ஸ்அப்பில் ஒரு தோஹீரோ அனுப்புவார். இவர் மறுநாள் இரவு அதையே பாடி, அதற்குப் பதில் சொல்லும் இன்னொன்றை அனுப்புவார். ஒலித்தரம் என்று பார்த்தால் படுமோசம். ஆனால் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கென்றே பாடியது அது. நான் ஆயிரம் ஜோடி மைக் வைத்தாலும் எனக்கு அந்தப் பாட்டு கிடைக்காது. அப்படி அனுப்பப்பட்ட சிலவற்றைக் கேட்டு வாங்கி, அனுமதியோடு, என் பதிவுகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்குச் சில வேண்டுகோள்கள். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போங்கள். மற்ற மாதங்களில் காற்று விடாது. கூட்டம் இல்லாமல் போங்கள், ஆனால் கேட்பதற்கு அந்த ஊர்க்காரர் நாலு பேரையாவது உட்காரவையுங்கள். சிந்தி புரிந்து தலையாட்ட ஆள் இல்லாமல் ராணோ சூடு பிடிக்காது. பணத்தைப் பாடத் தொடங்குமுன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். பதிவை நிறுத்துகிற அவசரம் வேண்டாம்: பாட்டு முடிந்ததும் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பேச்சில்தான், எந்தத் தோஹீரோ யாருடையது, எதை இன்று விட்டுவிட்டோம் என்ற செய்தியெல்லாம் வரும். பிரதியை மூன்றாக எடுங்கள். ஒன்று பாடியவரின் வீட்டுக்கு, ஒன்று உங்களிடம், ஒன்று ரூபாயன் சன்ஸ்தானுக்கோ குருகிராமில் உள்ள அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இன இசையியல் ஆவணக் காப்பகத்துக்கோ. வன்தட்டை நம்பாதீர்கள். கோப்பின் தொடக்கத்தில் பாடுபவரின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்; குறிப்பெழுதிய தாள் தொலைந்துவிடும், ஒலியோடு ஒட்டிய பெயர் தொலையாது.